வேடந்தாங்கல்: 30 ஹெக்டேர் ஏரிக்கு 5 கிலோமீட்டர் எல்லை ஏன்?

2020-இல் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தின் எல்லையை மாற்றி அமைக்கும் யோசனை செய்தியானபோது பலருக்கும் ஒரே குழப்பம். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான், அதாவது 74 ஏக்கர். ஆனால் சரணாலயம் என்று சட்டம் சொல்வது ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை. அந்த வட்டத்துக்குள் காடு என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. நெல் வயல், சின்னச் சின்ன ஏரிகள், ஊர்கள், சாலை, ஒரு மருந்துத் தொழிற்சாலை எல்லாம் இருக்கின்றன. வயலை எதற்குச் சரணாலயம் என்று அறிவிக்க வேண்டும்? 2022-இல் இதே ஏரி, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோதும் அந்தக் கேள்வி தீரவில்லை.

பறவைகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. வேடந்தாங்கல் முதலில் ஒரு விவசாய ஊர். அந்த ஏரி பறவைக்காக வெட்டப்பட்டதல்ல, நெல்லுக்காக வெட்டப்பட்டது. அந்த ஊர் எப்படித் தண்ணீர் பாய்ச்சியது, எப்படிப் பறவையைக் காத்தது, அரசிடம் என்ன கேட்டு வாங்கியது என்று பார்த்தால் 5 கிலோமீட்டரின் காரணம் தானாக விளங்கும்.

ஊரின் நில அமைப்பு

செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டாரம். சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர். படாளத்தில் தேசிய நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி உள்ளே போக வேண்டும்.

அடியில் கெட்டியான பாறை, மேலே செம்மண்ணும் வண்டலும். பெரிய ஆறு என்றால் வடக்கே ஓடும் பாலாறுதான், அதிலும் வருடத்தில் பெரும்பாலான மாதங்களில் மணல்தான். பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் அதிகம் தங்காது. மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் பெய்கிறது. குறைவான மழை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில், சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். பிடித்து வைக்காவிட்டால் ஒரே வாரத்தில் கடலுக்குப் போய்விடும்.

அதனால்தான் இந்த மாவட்டமே ஏரிகளின் மாவட்டம் ஆனது. நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பவை மட்டும் 500-க்கு மேல். ஊராட்சிகளின் கையில் உள்ள சிறிய ஏரிகளும் குளங்களும் தனி. லேசாகச் சரியும் நிலத்தில் குறுக்கே பிறைவடிவில் ஒரு மண்கரை போட்டால் ஏரி. அது நிரம்பி வழியும் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு. இதைச் சங்கிலித் தொடர் ஏரிகள் என்பார்கள்.

இனி வரப்போகும் சில சொற்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1. வரத்துக் கால்வாய்: மேலே இருக்கும் ஏரியிலிருந்தோ மேட்டு நிலத்திலிருந்தோ தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்.
2. மதகு: கரையின் அடியில் இருக்கும் திறப்பு. வயலுக்குத் தண்ணீர் விடுவது இதன் வழியாக.
3. கலங்கல்: ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம்.
4. ஆயக்கட்டு: ஒரு ஏரியின் தண்ணீரில் பாசனம் பெற உரிமையுள்ள மொத்த வயல்.
5. நீர்க்கட்டி: எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்ப் பணியாளர்.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், கீழே இருக்கும் ஏரி எத்தனை மழை பெய்தாலும் நிரம்பாது. எல்லை பற்றிய விவாதத்தில் பலர் கவனிக்காத விஷயம் இது. ஏரிக்குள் யாரும் கால் வைக்காமலே, மேலே இருக்கும் வாய்க்காலை மூடி ஏரியைக் கொன்றுவிடலாம்.

மூன்று பட்டம், ஒரு ஏரி

செங்கல்பட்டுப் பக்கத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம். சித்திரையில் தொடங்கி ஆடி வாக்கில் அறுவடை ஆகும் சொர்ணவாரி. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை போகும் சம்பா. மார்கழி, தையில் நட்டு பங்குனி, சித்திரையில் அறுக்கும் நவரை.

இதில் சம்பாவுக்கு வானமே பாதி பொறுப்பு. சொர்ணவாரிக்குக் கிணறு வேண்டும். ஏரியை முழுக்க நம்பி நிற்பது நவரை. மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பி நிற்கும் நேரத்தில் நாற்று நட்டு, மதகைத் திறந்து மூன்று மாதம் தண்ணீர் விட்டால் பயிர் கரை சேரும்.

பறவைகள் வரும் மாதங்களை இதன் மேல் பொருத்திப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வந்து இறங்குகின்றன. ஏரிக்குள் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூடு கட்டுகின்றன. முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுகள் பறக்கத் தொடங்கும்போது மாசி, பங்குனி. அதாவது நவரைப் பயிருக்கு ஏரித் தண்ணீர் போகும் காலமும், ஆயிரக்கணக்கான கூடுகளிலிருந்து எச்சம் தண்ணீரில் விழும் காலமும் ஒன்றே. ஊருக்கும் பறவைக்கும் உள்ள உறவு முழுவதும் இந்த ஒரு பொருத்தத்தின் மேல் நிற்கிறது.

எச்சம் எப்படி உரமாகிறது

நல்ல மழை பெய்த ஆண்டுகளில் 30,000-க்கும் மேற்பட்ட பறவைகள் இங்கே கூடுகின்றன. நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கொக்கு வகைகள் கூடு கட்டுபவை. ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவை வடக்கிலிருந்து வந்து குளிர்காலம் கழித்துவிட்டுப் போகும் விருந்தாளிகள், இங்கே கூடு கட்டுவதில்லை.

நடப்பது இதுதான்:

1. பறவைகள் விடிந்ததும் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் பறந்து போய் மீன், நத்தை, தவளை, பூச்சி என்று இரை தேடுகின்றன.
2. அந்த இரையைக் கூட்டுக்குக் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. நாள் முழுக்க இந்தப் போக்குவரத்து நடக்கும்.
3. எச்சம் கூட்டுக்கு நேர் கீழே தண்ணீரில் விழுகிறது. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் செறிவாக இருக்கும்.
4. தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள நுண்ணுயிரிகள் எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தைச் சிதைத்து அமோனியாவாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் வேர் உறிஞ்சக்கூடிய வடிவம் இது.
5. மதகு வழியாக இந்தத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. யாரும் தூவாமலே உரம் வாய்க்காலில் வருகிறது. கோடையில் ஏரி வற்றினால் அடியில் தங்கிய வண்டலும் வயலுக்கு உதவும்.

நத்தைகுத்தி நாரையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அதன் அலகு மூடியபின்னும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். வயல் சேற்றில் அலகை விட்டுத் துழாவி நத்தையைப் பிடித்து, ஓட்டின் வாயை மூடியிருக்கும் தட்டைக் கீழ் அலகின் கூர்முனையால் விலக்கி, உள்ளே இருக்கும் சதையை மட்டும் வெளியே இழுத்துவிடும். வெற்று ஓடு வரப்போரம் கிடக்கும். இளம் நாற்றைக் கடிக்கும் நத்தை இந்த ஊர் விவசாயிகளுக்குத் தொல்லை. ஆக, வயலில் நத்தையைக் குறைப்பதும் ஏரியில் எச்சம் சேர்ப்பதும் ஒரே பறவைதான்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. சத்து வயலிலிருந்து வயிற்றில் ஏறி, ஏரியில் இறங்கி, திரும்ப வயலுக்கு வருகிறது. பறவை புதிதாக எதையும் படைக்கவில்லை. பல கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கும் சத்தைத் திரட்டி ஒரே ஏரியில் கொட்டுகிறது. அந்தப் பரப்பு சுருங்கினால் திரட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

கவுல் வாங்கிய ஊர்

இந்தச் செங்கல்பட்டுப் பகுதியை 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வருவாயை எடுத்துக்கொள்ளும் மானியமாக, கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில், 1767-க்கும் 1774-க்கும் இடையே, பார்னார்ட் என்ற அதிகாரியைக் கொண்டு கம்பெனி இங்குள்ள ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தது. நிலம், ஏரி, குடி, கோயில், ஊர்ப் பணியாளர்களுக்கு விளைச்சலில் கொடுக்கும் பங்கு எல்லாம் பதிவாகின. ஆங்கிலேயர் இந்தியாவில் முதலில் தோண்டித் துருவிப் பார்த்த கிராமப் பகுதிகளில் இது ஒன்று.

1790-களில் ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் மும்முரமாக இருந்தவர். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலின் கதையில் வரும் துரையும் இவர்தான். அடைமழையில் பெரிய ஏரிக்கரை உடையும் நிலையில் இருந்தபோது, கரை நின்றால் தாயார் சந்நிதி கட்டித் தருவதாகத் துரை சொன்னதாகவும், இரவில் வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்பதைக் கண்டதாகவும் அங்கே இன்றும் சொல்வார்கள். நம்புவது அவரவர் விருப்பம். ஏரிக்கரை உடைவது அந்தக் காலத்தில் எத்தனை பெரிய பயம் என்பதை அந்தக் கதை காட்டுகிறது. கரை போனால் நவரை போச்சு, வரியும் போச்சு.

அதே காலத்தில்தான் வேடந்தாங்கல் ஏரியில் ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவை போனால் விளைச்சல் போகும் என்பது அவர்கள் வாதம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களுக்குக் கவுல் கிடைத்தது. கவுல் என்றால் அரசு ஒரு உரிமையையோ உறுதியையோ எழுத்தில் தரும் ஆவணம். இங்கே அதன் சாரம்: இந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடக்கூடாது, அதைத் தடுக்க ஊருக்கு உரிமை உண்டு. 1858-இல் அதைப் புதுப்பித்து மறுபடியும் வாங்கினார்கள்.

வனவிலங்குப் பாதுகாப்பு என்ற பேச்சே இந்தியாவில் எழாத காலம் அது. உரம் காப்பதற்காக ஒரு கிராமம் தானே கேட்டு வாங்கிய பாதுகாப்பு இது. இதை ஏதோ பறவைப் பிரியம் என்று மட்டும் சொல்வது அந்த மக்களின் விவசாய அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். பிரியமும் இருக்கிறது, அது வேறு. தீபாவளிக்கு இங்கே வெடி வெடிக்க மாட்டார்கள். பறவைகள் வந்து கூடு பிடிக்கும் நேரம் அது.

"ஊர்" என்றால் யார்?

"ஊர் காத்தது" என்று எழுதுவது எளிது. அந்தக் கால ஊருக்குள் யாருக்கு என்ன பங்கு என்றும் கேட்க வேண்டும். செங்கல்பட்டு நாடு முழுக்க இருந்தது மிராசு முறை. ஊர் நிலத்தின் மேலும் ஏரித் தண்ணீரின் மேலும் பரம்பரை உரிமை கொண்டவர்கள் மிராசுதாரர்கள். வயலில் இறங்கி உழுது, நட்டு, அறுத்தவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத படியாட்கள். அவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். கரை பலப்படுத்துவது, வாய்க்கால் தூர் வாருவது என்று குடிமராமத்து வேலை நடந்ததும் அவர்கள் உழைப்பில்தான். 1858-இல் சென்னை மாகாண அரசு இந்த வேலையைச் சட்டத்தால் கட்டாயமாக்கவும் செய்தது. வேடந்தாங்கல் கவுல் புதுப்பிக்கப்பட்ட அதே ஆண்டு.

அந்தப் படியாட்களின் நிலையைச் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-இல் விரிவான அறிக்கையாக அரசுக்கு எழுதினார். 1892-இல் அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் பஞ்சமி நில உத்தரவு. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் தனியாக ஒதுக்கும் ஏற்பாடு இந்த மாவட்டத்து வயல்களைப் பார்த்துப் பிறந்தது. ஏரியைக் காத்த மரபைப் பெருமையாகப் பேசும்போது, அந்தக் காப்பின் பலன் எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கவுலிலிருந்து சட்டம் வரை

1936-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் இந்த ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அங்கீகரித்தார். 1962-இல் சென்னை வனச் சட்டத்தின் கீழ் வந்தது. 1972-இல் நாடு முழுமைக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1998-இல், ஏரியும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் பரப்பும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

அதுவரை பாதுகாக்கப்பட்டது கூடு. 1998-இல்தான் இரை கிடைக்கும் இடமும் தண்ணீர் வரும் வழியும் கணக்கில் வந்தன.

ஏரியை ஒரு புள்ளியாக வைத்து 5 கிலோமீட்டர் வட்டம் போட்டால் ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர். அதில் ஏரி 250-இல் ஒரு பங்குகூட இல்லை. இரை தேடப் போகும் பறவைகள் இந்த வட்டத்தையும் தாண்டிப் போகின்றன. சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கரிக்கிலி ஏரியும் இதே பறவைகளின் உலகம்தான். 5 கிலோமீட்டர் தாராளமான எல்லை என்று யாராவது சொன்னால், பறவையின் கணக்கில் அது குறைந்தபட்சம்தான்.

2020-இல் என்ன பேசப்பட்டது

அப்போது மாநில வனத்துறை முன்வைத்தது இதுதான்: முதல் 3 கிலோமீட்டர் சரணாலயமாகத் தொடரட்டும், வெளியே உள்ள 2 கிலோமீட்டர் வளையம் சூழல் உணர்திறன் மண்டலம் ஆகட்டும். எல்லைக்குள் இருக்கும் தொழிற்சாலையின் விரிவாக்கப் பேச்சும் அதே சமயத்தில் வந்ததால் சந்தேகம் வலுத்தது.

5-இலிருந்து 3 என்றால் கொஞ்சம்தானே குறைகிறது என்று தோன்றும். வட்டத்தின் பரப்பு அப்படிக் குறையாது. 78 சதுர கிலோமீட்டர் 28 ஆகிவிடும். அதாவது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு சரணாலயம் என்ற நிலையை இழக்கும்.

இரண்டு நிலைகளுக்கும் சட்டத்தில் என்ன வேறுபாடு?

1. சரணாலயத்துக்குள், வனவிலங்குச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி, வாழிடத்தைச் சேதப்படுத்துவதும், உள்ளே வரும் அல்லது வெளியே போகும் நீரோட்டத்தைத் திருப்புவதும் நிறுத்துவதும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் கூடாது. ஏரிச் சங்கிலியில் இருக்கும் ஒரு ஊருக்கு இந்த ஒரு வரி எத்தனை பெரிய அரண் என்று நினைத்துப் பாருங்கள்.
2. சரணாலயத்தின் எல்லையை மாநில அரசு தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும்.
3. சூழல் உணர்திறன் மண்டலம் வருவது 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். அங்கே சில தொழில்களுக்குத் தடை, பலவற்றுக்கு நிபந்தனையோடு அனுமதி. தடுப்பதைவிட ஒழுங்குபடுத்துவதுதான் அதன் நோக்கம்.

பறவை ஆர்வலர்கள் மட்டுமல்லாமல் சுற்றுவட்டார விவசாயிகளும் எதிர்த்துப் பேசினார்கள். 5 கிலோமீட்டர் எல்லை மாறவில்லை.

விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது

சரணாலயம் என்றால் விவசாயம் செய்ய விடமாட்டார்கள் என்ற பயம் பல ஊர்களில் உண்டு. வேடந்தாங்கலில் எல்லைக்குள் பட்டா நிலங்களில் சாகுபடி தொடர்ந்து நடக்கிறது. ஏரி இன்றும் பாசன ஏரிதான். ராம்சர் பட்டியல் அதன் மேல் புதிதாக ஒரு தடையை உடனே கொண்டுவந்து வைப்பதில்லை. 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கை அது. ஈரநிலத்தைச் சிதைக்காமல் பயன்படுத்துவதை அதுவே ஏற்கிறது.

உரசலே இல்லை என்று சொல்லவில்லை. நவரைக்கு மதகைத் திறக்கத் திறக்க ஏரியில் தண்ணீர் இறங்கும். மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரைதான் நாயும் கீரியும் கூட்டை நெருங்காது. மழை பொய்த்த ஆண்டில் பயிருக்கா, குஞ்சுக்கா என்ற கேள்வி நிஜமாகவே வரும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தபோது, பயிருக்கும் இல்லை, பறவைக்கும் இல்லை என்று ஆனது. அப்படிப்பட்ட ஆண்டுகளுக்கு எந்த எல்லைக்கோடும் மருந்தாகாது. வரத்துக் கால்வாய்களைத் தூர் வாரி வைத்திருந்தால் பெய்த கொஞ்சமாவது ஏரிக்கு வந்து சேரும்.

மெதுவாக நடக்கும் மாற்றங்கள் வேறு. வயலில் தூவும் குருணைப் பூச்சிமருந்து கூடக்கூட நத்தையும் தவளையும் குறையும், நாரைக்கு இரை போகும். சென்னைக்கு நெருக்கம் என்பதால் நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்கள் மனைகளாகின்றன. மனைக்கு நடுவில் ஓடிய வாய்க்கால் முதலில் குறுகும், அப்புறம் குழாயாகும், அப்புறம் காணாமல் போகும். நவரை போடுவதை ஒரு விவசாயி நிறுத்திவிட்டால், ஏரித் தண்ணீரில் வரும் உரத்தால் அவருக்குப் பயனில்லை. பறவையைக் காப்பதில் அவருக்கு இருந்த நேரடி அக்கறையும் அங்கே தளர்கிறது.

அதனால் இனி வேடந்தாங்கல் செய்தியில் வரும்போது, எத்தனை பறவை வந்தது என்பதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த ஆண்டு நவரை எத்தனை ஏக்கர்? வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது? அந்த 78 சதுர கிலோமீட்டரில் இன்னும் நெல் விளையும் நிலம் எவ்வளவு?